பிளேக் ஹால்: வயல் நடுவே நின்ற லண்டன் ஸ்டேஷன் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லண்டனுக்கு வடகிழக்கே, எஸ்ஸெக்ஸ் கவுன்ட்டியின் வயல்களுக்கு நடுவில் பிளேக் ஹால் என்றொரு ரயில் நிலையம் இருந்தது. 1865இல் திறந்து 1981இல் மூடினார்கள். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள்: கடைசிக் காலத்தில் அங்கே ஏறி இறங்கியவர்கள் நாளைக்கு ஆறு பேர். 116 வருடம் வேலை செய்த ஒரு நிலையத்தை அந்த ஆறை மட்டும் வைத்து எடைபோடுவது நியாயமில்லை. அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

பிளேக் ஹால் என்பது ஊரின் பெயரா?

இல்லை, ஒரு மாளிகையின் பெயர். பாபிங்வொர்த் என்ற சிற்றூரை ஒட்டி, தலைமுறை தலைமுறையாகக் கேப்பெல் கியூர் குடும்பத்தார் வைத்திருந்த நிலச்சுவான்தார் வீடு அது. நிலையத்துக்கும் மாளிகைக்கும் நடுவே நல்ல நடை தூரம் உண்டு. சுற்றிலும் பாபிங்வொர்த், கிரீன்ஸ்டெட், டூட் ஹில் என்று சின்னச் சின்ன ஊர்கள். ஒன்றுகூட நிலையத்தின் வாசலில் இல்லை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளம் மாளிகைதான். அதனால் அந்தப் பெயரே நிலையத்துக்கும் வந்தது. இங்கிலாந்தில் இப்படிப் பெயர் பெற்ற கிராம நிலையங்கள் நிறைய.

யார் கட்டியது?

கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வே. லண்டனிலிருந்து லௌட்டன் வரைக்கும் 1856 ஆகஸ்ட் 22 முதலே ரயில் ஓடியது. அது ஈஸ்டர்ன் கவுன்ட்டீஸ் ரயில்வேயின் வேலை. 1862இல் அந்தக் கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து கிரேட் ஈஸ்டர்ன் ஆயிற்று. புதிய கம்பெனி பாதையை எப்பிங் வழியாக ஆங்கர் வரை நீட்டி, 1865 ஏப்ரல் 24 அன்று திறந்தது. ஆங்கர் ஒரு சிறிய சந்தை ஊர். எப்பிங்குக்கும் ஆங்கருக்கும் இடையே சுமார் 10 கிலோமீட்டர், ஒற்றை வழி. நடுவில் இரண்டே நிலையங்கள்: நார்த் வீல்ட், பிளேக் ஹால். பிளேக் ஹாலில் ஒரு பிளாட்பாரம், செங்கல்லில் கட்டிய ஸ்டேஷன் வீடு, பக்கத்தில் ஒரு சரக்கு முற்றம்.

ஆளே இல்லாத இடத்தில் எதற்கு ஸ்டேஷன்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஸ்டேஷன் என்றால் மனிதர்கள் ஏறி இறங்கும் இடம் என்று இன்றைய கண்ணோடு பார்க்கும்போது எழுகிற கேள்வி இது. 1865இல் எஸ்ஸெக்ஸில் விவசாயம் பார்த்தவருக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

அவருக்குப் பயணிகள் பிளாட்பாரத்தைவிட அதன் பக்கத்திலிருந்த சரக்கு முற்றம் முக்கியம். பிரதான தண்டவாளத்திலிருந்து பிரியும் ஒரு பக்கப்பாதை, மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் வந்து நிற்க ஓர் இடம், இவ்வளவும் இருந்தால் ஒரு வட்டாரத்தின் பொருளாதாரமே அதன் வழியாகப் போய்வந்துவிடும். நிலக்கரி உள்ளே வரும். உரம், விதை, தீவனம் வரும். தானியமும் வைக்கோலும் பாலும் காய்கறியும் லண்டனுக்குப் போகும். விக்டோரியா காலத்து லண்டன் குதிரைகளின் நகரம். அந்தக் குதிரைகள் தின்ன வைக்கோல் எஸ்ஸெக்ஸ் போன்ற பக்கத்துக் கவுன்ட்டிகளிலிருந்து போயிற்று. அவை போட்ட சாணம் அதே வயல்களுக்கு எருவாகத் திரும்பி வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் யார் எந்தச் சரக்கைக் கொண்டுவந்தாலும் மறுக்காமல் ஏற்றியாக வேண்டும் என்பது சட்டம். ஒரு மூட்டை உருளைக்கிழங்கானாலும் சரி, ஒரு குதிரையானாலும் சரி. அந்தக் கடமையிலிருந்து ரயில்வே விடுபட்டது 1962ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தால்தான். ஆக, கிராமத்து ஸ்டேஷன் என்பது அஞ்சலகத்தைப் போல எல்லோருக்கும் கதவு திறந்திருக்க வேண்டிய இடம். அதில் எத்தனை டிக்கெட் விற்றது என்று மட்டும் எண்ணினால் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

அந்தக் கிராம ஸ்டேஷன் எப்படி லண்டன் சுரங்க ரயிலின் ஒரு பகுதியானது?

1923இல் கிரேட் ஈஸ்டர்ன், லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயில் கரைந்தது. அதற்குப் பிறகு, 1935 முதல் 1940 வரை முடிப்பதாகப் போட்ட ஒரு பெரிய திட்டத்தில், சுரங்க ரயிலின் சென்ட்ரல் லைனைக் கிழக்கே நீட்டி, லௌட்டன், எப்பிங், ஆங்கர் பாதையையும் அதோடு இணைக்க முடிவானது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே போர் வந்துவிட்டது. தோண்டி முடித்த புதிய சுரங்கங்களின் ஒரு பகுதியில், லேட்டன்ஸ்டோனுக்கு அப்பால், பிளெஸ்ஸி நிறுவனம் போர் முடியும்வரை தொழிற்சாலை நடத்தியது. குண்டு விழாத இடத்தில் விமான உதிரிப்பாகங்கள் செய்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1948இல் நாட்டின் ரயில்வேக்கள் எல்லாம் அரசுடைமையாகி, பிரிட்டிஷ் ரயில்வே என்ற பெயரில் ஓடின. 1949 செப்டம்பர் 25 அன்று மின்சார வண்டி எப்பிங் வரை வந்து சேர்ந்தது. அன்றே எப்பிங் முதல் ஆங்கர் வரையிலான கடைசித் துண்டும், சுரங்க ரயிலை நடத்திய லண்டன் டிரான்ஸ்போர்ட்டின் கைக்கு வந்தது. மின்சாரம் மட்டும் வரவில்லை.

அதனால் அடுத்த எட்டு வருடம் அபூர்வமான ஓர் ஏற்பாடு நடந்தது. லண்டனிலிருந்து வந்தவர்கள் எப்பிங்கில் சிவப்பு மின்சார வண்டியை விட்டு இறங்கி, புகை விட்டுக்கொண்டு நிற்கும் நீராவி ரயிலுக்கு மாறினார்கள். பாதை லண்டன் டிரான்ஸ்போர்ட்டுடையது, இன்ஜினும் பெட்டியும் பிரிட்டிஷ் ரயில்வேயுடையவை. எஃப்5 என்ற பழைய கிரேட் ஈஸ்டர்ன் டாங்க் இன்ஜின்கள்தான் (தண்ணீர்த் தொட்டியைத் தம்மோடே சுமப்பவை) பெரும்பாலும் ஓடின. 1952இல் ஏஇசி நிறுவனத்தின் சிறிய டீசல் வண்டியையும் இந்தப் பாதையில் ஓட்டிப் பார்த்தார்கள்.

1957 நவம்பர் 18இல் நீராவி போய் மின்சாரம் வந்தது. சிக்கனமாகச் செய்த மின்மயமாக்கல் அது. கிடைத்த மின்சக்திக்கு, நான்கு பெட்டி கொண்ட குட்டை வண்டிகள் இரண்டுக்கு மேல் ஒரே நேரத்தில் ஓட முடியாது. சென்ட்ரல் லைனின் முழு வண்டிக்கு எட்டுப் பெட்டி. அதனால் ஆங்கரிலிருந்து லண்டனுக்கு ஒரே வண்டியில் போகும் வசதி கடைசிவரை வரவில்லை. எப்பிங்கில் மாறித்தான் ஆக வேண்டும்.

சுரங்கமே இல்லாத இடத்தில் சுரங்க ரயிலா?

ஆமாம். லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் பாதிக்கு மேல் இன்றும் தரைக்கு மேலேதான் ஓடுகின்றன.

லண்டனோடு இணைத்த பிறகும் ஏன் ஆள் கூடவில்லை?

மற்ற இடங்களில் ரயில் போனதும் வீடுகள் பின்னாலேயே வந்தன. இதே பாதையில் டெப்டனைப் பாருங்கள். போருக்குப் பின் லண்டன் கவுன்ட்டி கவுன்சில் அங்கே ஒரு பெரிய குடியிருப்பையே கட்டியது. எப்பிங்குக்கு அப்பால் அப்படி நடக்கவில்லை. நடக்கக் கூடாது என்று முடிவெடுத்ததால் நடக்கவில்லை.

1944இல் பாட்ரிக் ஆபர்குரோம்பி பெருநகர் லண்டனுக்கு ஒரு திட்டம் எழுதினார். லண்டனைச் சுற்றிப் பசுமை வளையம் ஒன்று இருக்க வேண்டும், அதற்குள் கட்டடம் பெருகக் கூடாது, நெரிசலில் இருக்கும் மக்களை வளையத்துக்கு அப்பால் புதிய நகரங்கள் கட்டிக் குடியேற்ற வேண்டும் என்பது அதன் சாரம். புதிய நகரங்களுக்கு அவர் சொன்ன பத்து இடங்களில் ஆங்கரும் ஒன்று!

ஆங்கரில் ஒரு நகரம் எழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையும் மாலையும் நிரம்பி வழியும் இரட்டைப் பாதையாக இது மாறியிருக்கக்கூடும். ஆனால் எஸ்ஸெக்ஸில் அருகிலேயே ஹார்லோ தேர்வானது. 1947இல் அதை முறைப்படி புதிய நகராக அறிவித்தார்கள். ஹார்லோவுக்கு வேறு ரயில் பாதை. ஆங்கர் சந்தை ஊராகவே நின்றது. பிளேக் ஹாலைச் சுற்றி வயல் வயலாகவே இருந்தது.

வயல் காப்பாற்றப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. பசுமை வளையம் லண்டனுக்குக் கிடைத்த நல்ல ஏற்பாடுகளில் ஒன்று என்றே நினைக்கிறேன். ஆனால் வீடு கட்டக் கூடாது என்று ஒரு கையால் தடுத்துவிட்டு, ஆள் ஏன் வரவில்லை என்று மறு கையால் கணக்குக் கேட்டதை ஏற்க முடியவில்லை.

போர்க்காலத்தில் இந்த இடத்துக்கு முக்கியத்துவம் இருந்ததா?

நிலையத்தைவிட மாளிகைக்கு இருந்தது. அடுத்த ஸ்டேஷனான நார்த் வீல்டில் அப்போது விமானப்படைத் தளம் இருந்தது. பிரிட்டன் வான்போரின்போது, 1940இல், அதன்மேல் பலமுறை குண்டு விழுந்தது. போர் விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கும் கட்டுப்பாட்டு அறை தளத்துக்குள்ளேயே இருப்பது ஆபத்து என்று தெரிந்ததும் அதை வெளியே மாற்றினார்கள். அது பிளேக் ஹால் மாளிகைக்கு வந்து சேர்ந்தது. நாட்டுப்புறத்துப் பெரிய வீடு ஒன்றின் கூடத்தில் வரைபட மேசையைப் பரப்பி, எதிரி விமானம் எங்கே வருகிறது என்று நகர்த்திப் பார்த்தார்கள். நார்வேயிலிருந்து தப்பி வந்த விமானிகளின் இரண்டு படைப்பிரிவுகள் 1942 முதல் நார்த் வீல்டிலிருந்து பறந்தன. அவர்கள் நினைவாக அங்கே ஒரு கல் நிற்கிறது.

டாக்டர் பீச்சிங்தானே மூடியது?

இல்லை. இங்கிலாந்தில் எந்தக் கிராம ஸ்டேஷன் மூடிக் கிடந்தாலும் பழி அவர்மேல் விழுவது வழக்கம். பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவராக இருந்த ரிச்சர்ட் பீச்சிங் 1963இல் வெளியிட்ட அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது உண்மை. ஆனால் அது பிரிட்டிஷ் ரயில்வேக்கான அறிக்கை. பிளேக் ஹால் 1949 முதலே லண்டன் டிரான்ஸ்போர்ட் வசம். அந்தக் கத்தி அதை எட்டவில்லை. எஸ்ஸெக்ஸின் தாக்ஸ்டெட் கிளையில் அவர் வருவதற்கு முன்பே, 1952இல், பயணிகள் வண்டி நின்றுபோனது. சாஃப்ரன் வால்டன் பாதை 1964இல் போனது. அவற்றோடு ஒப்பிட்டால் பிளேக் ஹாலுக்குச் சுரங்க ரயிலின் சிவப்பு வட்டச் சின்னம் கூடுதல் ஆயுள் கொடுத்தது என்றே சொல்லலாம்.

பிறகு எப்படித்தான் மூடினார்கள்?

ஒரேயடியாக இல்லை, ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். 1966இல் சரக்கு முற்றத்தை மூடினார்கள். நிலையம் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலை அன்றோடு முடிந்தது. லாரிகள் பண்ணை வாசலுக்கே வரத் தொடங்கிய காலம் அது. லண்டன் டிரான்ஸ்போர்ட்டோ பயணிகளுக்கான அமைப்பு; சரக்கில் அதற்கு அக்கறை இல்லை. அதே வருடம் அக்டோபரில் பிளேக் ஹாலில் ஞாயிற்றுக்கிழமைச் சேவையும் நின்றது.

1970களில் நார்த் வீல்டில் இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடந்துபோக இருந்த இரட்டைத் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு முழுத் தூரத்துக்கும் ஒரே வண்டிதான் போய்ப் போய்த் திரும்ப வேண்டும். காத்திருக்கும் நேரம் கூடியது. காத்திருக்கப் பொறுக்காதவர்கள் கார் வாங்கினார்கள். ஆள் குறைகிறது என்று சேவையைக் குறைப்பதும், சேவை குறைந்ததால் ஆள் இன்னும் குறைவதும் உலகம் முழுக்கக் கிளைப் பாதைகளின் கதை. பிளேக் ஹால் அதன் சுத்தமான உதாரணம்.

எல்லைத் தகராறு ஒன்றும் சேர்ந்துகொண்டது. 1970 முதல் லண்டன் டிரான்ஸ்போர்ட் பெருநகர் லண்டன் கவுன்சிலின் பொறுப்பில் வந்தது. எப்பிங்கும் ஆங்கரும் பெருநகர் லண்டன் எல்லைக்கு வெளியே, எஸ்ஸெக்ஸில் இருக்கின்றன. லண்டன்காரர் கட்டும் வரியில் எஸ்ஸெக்ஸ்காரருக்கு எதற்கு ரயில் என்ற கேள்வி எழுந்தது. 1981 அக்டோபரில் அதே கவுன்சில் லண்டனுக்குள் கட்டணங்களைச் சராசரியாக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிளேக் ஹாலில் கடைசி ரயில் நின்றதும் அதே மாதத்தில்தான்: அக்டோபர் 31, சனிக்கிழமை.

நாளைக்கு ஆறு பேர் என்பது உண்மையா?

உண்மைதான். மூடும் தறுவாயில் சுரங்க ரயில் அமைப்பிலேயே ஆள் நடமாட்டம் மிகக் குறைந்த நிலையம் அதுதான். ஆனால் சரக்கு போய், ஞாயிறு போய், வண்டிகள் குறைந்து, வீடு கட்டவும் தடை இருந்த பிறகு எடுத்த கணக்கு அது. வேரை வெட்டிவிட்டுக் காயை எண்ணினால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. அந்த ஆறு பேருக்கும் அது ஊருக்குப் போகும் வழி என்பதும் கணக்கில் வரவில்லை.

மீதிப் பாதை என்னவாயிற்று?

பிளேக் ஹாலில் நிற்காமல் வண்டிகள் இன்னும் 13 வருடம் ஓடின. 1982 முதல் காலை மாலை நெரிசல் நேரத்தில் மட்டும். 1994 செப்டம்பர் 30 அன்று எப்பிங் – ஆங்கர் பாதை முழுவதும் மூடப்பட்டது. லண்டனின் நடுமையத்தில் இருந்த ஆல்ட்விச் நிலையமும் அன்றே மூடியது.

பாதையைப் பிடுங்கிப்போடவில்லை, தனியாருக்கு விற்றார்கள். 2004 அக்டோபரில் தன்னார்வலர்கள் உழைப்பில் ஞாயிறுகளில் டீசல் வண்டி ஓடத் தொடங்கியது. உரிமை கைமாறி, பாதையைச் செப்பனிட்டு, 2012 மே மாதம் மீண்டும் திறந்தபோது நீராவி இன்ஜின்களும் திரும்பின. எப்பிங் ஆங்கர் ரயில்வே என்ற பெயரில் பாரம்பரிய ரயிலாக இப்போதும் ஓடுகிறது.

லண்டன் சுரங்க ரயிலின் தூரங்களை இன்னும் ஆங்கரிலிருந்துதான் அளக்கிறார்களாமே?

ஆமாம். கிலோமீட்டரில் அளக்கத் தொடங்கியபோது அமைப்பின் ஒரு கோடியில் இருந்த ஆங்கரைப் பூஜ்ஜியமாக வைத்தார்கள். ஆங்கருக்கு ரயில் நின்றுபோன பிறகும் அதை மாற்றவில்லை. லண்டன் நடுவில் ஒரு சுரங்கச் சுவரில் பார்க்கும் கிலோமீட்டர் பலகை, பிளேக் ஹாலைத் தாண்டி ஆங்கர் வரைக்குமான தூரத்தையும் சேர்த்தே சொல்கிறது. இந்தப் பாதை பற்றிய தகவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

பக்கத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

கிரீன்ஸ்டெட் தேவாலயம். இங்கே வரை வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போகாதீர்கள். கருவாலி மரத்தைப் பிளந்து, நட்டுக்குத்தாக வரிசையாக நிறுத்திக் கட்டிய சுவர்கள். மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்று தெரிந்தது. கிட்டத்தட்ட தொள்ளாயிரத்து ஐம்பது வருடமாக அந்த மரங்கள் கூரையைத் தாங்கி நிற்கின்றன. விவசாயக் கூலிகள் சங்கம் சேர்ந்ததற்காக 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட டால்படில் தொழிலாளர்களில் சிலர், மன்னிப்புப் பெற்றுத் திரும்பியதும் குடியேறியது இந்த வட்டாரத்தில்தான். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் பிரைனின் திருமணம் 1839இல் இந்தத் தேவாலயத்தில் நடந்தது.

பிளேக் ஹால் ஸ்டேஷனை இப்போது போய்ப் பார்க்க முடியுமா?

உள்ளே போக முடியாது. ஸ்டேஷன் கட்டடம் தனியார் வீடு. அங்கே ஒரு குடும்பம் வாழ்கிறது. படம் எடுக்கிறேன் என்று வாசலில் போய் நிற்க வேண்டாம்.

நல்ல வழி ரயிலிலிருந்து பார்ப்பது. சென்ட்ரல் லைனில் எப்பிங் வரை போங்கள். பாரம்பரிய ரயில் ஓடும் நாட்களில் அங்கிருந்து நார்த் வீல்டுக்கு 339 என்ற எண்ணில் பழைய பேருந்து விடுகிறார்கள். நார்த் வீல்டில் ஏறி ஆங்கர் போகும்போது நடுவில் பிளேக் ஹாலைக் கடப்பீர்கள். வண்டி நிற்காது, அதனால் முன்கூட்டியே ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தினமும் ஓடும் ரயில் இல்லை; கிளம்பும் முன் அந்த வாரத்து நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்வது நல்லது.